எட்டாம் எண் இல்லாத பட்டியல்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பும் பழக்கம் கிடையாது. எண்களை அதைவிடவும் நம்ப மாட்டேன். இந்தக் குணத்துக்கு வீட்டில் நல்ல பெயர் இல்லை. ஆபீசில் இதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை செய்யும் நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுப்பதோ சோதிப்பதோ என் வேலை இல்லை. ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் நான். எடுத்த ரத்தத்தின் விவரம் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போகும்போது ஆள் மாறாமல், எண் மாறாமல் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

கேட்கச் சுலபமாக இருக்கும். மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என்று ஐந்தாறு இடங்களில் எங்களுக்கு ரத்தம் எடுக்கும் மையங்கள் உண்டு. அங்கே பெயரும் வயதும் ஒரு கணினியில் பதிவாகும். ரத்தம் சின்ன டியூப்களில் அடைபட்டு, பெட்டிக்குள் உட்கார்ந்து, பைக்கில் தரமணிக்குப் போகும். அங்கே சோதனை இயந்திரத்தோடு இன்னொரு கணினி. அது கக்கும் முடிவுகளை வாங்கி, மனிதர்கள் படிக்கிற மாதிரி ரிப்போர்ட் ஆக்கி, அவரவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவது ஆழ்வார்பேட்டையில் எங்கள் ஆபீசில் இருக்கும் மூன்றாவது கணினி. மூன்றும் மூன்று காலத்தில் மூன்று பேரிடம் வாங்கியவை. ஒன்றோடொன்று பேசும்தான், ஆனால் ஓரகத்திகள் பேசிக்கொள்வதைப் போல. சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது ஒன்று என்று ஆகிவிடும்.

அதனால் நடுவில் நான் நாலு கதவு போட்டு வைத்திருந்தேன். எத்தனை பேர் பெயர் வந்ததோ அத்தனை டியூப் வந்திருக்க வேண்டும், அது முதல் கதவு. ஒவ்வொரு டியூபின் எண்ணுக்கும் பட்டியலில் அதே எண்ணில் ஒரு பெயர் இருக்க வேண்டும், அது இரண்டாவது. அதே ஆளுக்குப் போன தடவை வந்த முடிவோடு இந்தத் தடவை வந்ததை ஒப்பிட்டு, மலைக்கும் மடுவுக்குமாக வித்தியாசம் இருந்தால் கணினி அந்த ரிப்போர்ட்டைச் சிவப்புக் கோடு போட்டு நிறுத்திவிடும், அது மூன்றாவது. நிறுத்தியதை விடுவிக்க இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அது நாலாவது. பட்டியலில் சொந்தக்காரர் பெயர் இருந்தால் அதில் கை வைக்கவே கூடாது. இந்தக் கடைசி விதியைக் கொட்டை எழுத்தில் அடித்து நானே சுவரில் ஒட்டினேன். ஆபீசே முணுமுணுத்தது. "மேடத்துக்கு அவங்க நிழல் மேலயே சந்தேகம்" என்று ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

அது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் எங்கள் மையங்களில் சலுகை விலையில் முழுப் பரிசோதனை உண்டு. வருகிற எல்லோருக்கும் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், ஈரல், தைராய்டு என்று ஒரே பட்டியல்தான். அதனால் விடிந்ததும் கூட்டம் நெருக்கித் தள்ளும். அன்று பார்த்து மயிலாப்பூரில் மெட்ரோவுக்குத் தோண்டிய இடத்தில் எங்கள் மையத்துக்கு வரும் இணைய லைன் அறுந்துவிட்டது. லைன் இல்லாவிட்டால் டியூபில் ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கர் அச்சாகாது.

ரத்தம் எடுக்கும் பெண் கெட்டிக்காரி. வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? அவரவர் டோக்கன் எண்ணைப் பேனாவால் டியூபிலேயே எழுதிவிட்டாள். இப்படிப்பட்ட அவசரத்துக்கென்று நான் தயார் செய்து கொடுத்திருந்த எக்செல் படிவத்தில் பெயர்களை வரிசையாக அடித்து, தன் போனிலிருந்தே எங்களுக்கு அனுப்பினாள். அந்தப் படிவத்தின் இடது ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் தானாக விழும். அந்த எண்ணை வைத்துத்தான் டியூபுக்கும் பெயருக்கும் முடிச்சுப் போட வேண்டும்.

பத்தரை மணிக்குத் தரமணியிலிருந்து முடிவுகள் வந்தன. முப்பத்தொன்பது பெயர், முப்பத்தொன்பது டியூப். முதல் கதவு திறந்தது. இரண்டாவதில் சின்னச் சிக்கல். பட்டியலில் எட்டாம் எண்ணில் ஒரு பெயர் இருந்தது. எட்டு என்று எழுதிய டியூபைக் காணோம். நாற்பது என்று எழுதிய டியூப் ஒன்று இருந்தது. பட்டியல் முப்பத்தொன்பதோடு முடிந்துவிட்டது. ஒன்று குறைகிறது, ஒன்று மிஞ்சுகிறது.

அப்போது நான் போனை எடுத்து மயிலாப்பூருக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ரிப்போர்ட் எங்கே, ரிப்போர்ட் எங்கே என்று வாடிக்கையாளர்கள் ஆபீஸ் போனை ஓயவிடவில்லை. எனக்கு எரிச்சலும் அவசரமும் சேர்ந்து வந்தால் மூளை அபாரமாக வேலை செய்வதாக ஒரு நினைப்பு. எட்டாவது ஆளின் டியூபில் எண் எழுத மறந்திருப்பாள், எல்லாம் முடிந்தபின் கவனித்துக் கடைசி எண்ணைப் போட்டிருப்பாள், முப்பத்தொன்பதுக்கு அப்புறம் நாற்பதுதானே என்று தீர்ப்பு எழுதினேன். நாற்பதாம் டியூபை எட்டாம் பெயரோடு இணைத்தேன். கணக்கு நேரானது. புதிரை விடுவித்த மிதப்பில் ஒரு காபி வேறு வாங்கிக் குடித்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று எங்கள் அம்மா என்னைப் பார்த்துத்தான் சொல்வார்.

ஏற்கெனவே எங்களிடம் சோதித்திருந்தவர்கள் அன்று சிலர்தான். அவர்களில் ஐந்து பேரின் ரிப்போர்ட்கள் மூன்றாவது கதவில் சிவப்புக் கோட்டோடு நின்றன.

முதலில் இருந்தவர் அந்த எட்டாம் எண்காரர். ராயப்பேட்டை, அறுபத்தொரு வயது. கிரியாட்டினின் என்று ஒன்று உண்டு. சிறுநீரகம் ஒழுங்காக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு. அளவு ஒன்றை ஒட்டி இருந்தால் பயமில்லை. இவருக்குப் போன மாதம் ஒன்பது புள்ளி ஒன்று. இன்றைக்குப் புள்ளி எட்டு. ஒரே மாதத்தில் இப்படி இறங்குமா? இறங்கும், மாற்றுச் சிறுநீரகம் வைத்திருந்தால். யாரோ புண்ணியவான் கொடுத்திருக்கிறார், நன்றாக இருக்கட்டும் என்று மனசார நினைத்துக்கொண்டு என் கையெழுத்தைப் போட்டேன். கதை கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

இரண்டாவது ஒன்பதாம் எண். திறந்தேன். என் அக்காவின் பெயர்.

அதே பெயரில் வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் சாந்தோம் பக்கம் அந்தோணியார் பெயரும் மாதா பெயரும் வீட்டுக்கு இரண்டு இருக்கும். வயது அறுபத்து நாலு. முகவரி எங்கள் வீடு. போன் எண், நான் தூக்கத்திலும் சொல்லும் எண். கிரியாட்டினின் போன வருடம் புள்ளி ஒன்பது. இன்றைக்கு ஏழு புள்ளி எட்டு.

எங்கள் அம்மா சிறுநீரகம் கெட்டுத்தான் போனார். ஏழு என்றால் என்ன, எட்டு என்றால் என்ன, அதற்கப்புறம் வாரத்துக்கு எத்தனை நாள் எந்தக் கட்டிலில் படுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் அக்காவுக்கும் மனப்பாடம். அம்மா போனபின் அந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அத்தான் காலமாகிவிட்டார். அக்கா ரிட்டயர்ட் கணக்கு டீச்சர். அன்று காலை ஆறு மணிக்கு "பூசைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். கொஞ்ச நாளாகவே கால் வீங்குகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நான் கேட்டபோதெல்லாம் வயசு என்று சொல்லி வாயை அடைத்தாள். எனக்குத் தெரியாமல் என் கம்பெனியிலேயே வந்து காசு கட்டி ரத்தம் கொடுத்திருக்கிறாள்.

பத்தொன்பது வருடமாக எந்த எண்ணையும் சந்தேகப்பட்டவள், அந்த ஒரு எண்ணை அப்படியே நம்பினேன். தப்பாக இருக்குமோ என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தபோது தெரிந்ததும் மறந்துபோனது. மாதாவே, இவளையுமா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்து மேசையிலிருந்து என்னோடு வேலை செய்யும் பெண் எழுந்து வந்தாள். திருவான்மியூரிலிருந்து வருகிறவள், முப்பத்தைந்து வயதிருக்கும். சொன்னதைச் சொன்னபடி செய்வாள். அவளிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், பிடிக்காததும் அதுதான். இரண்டாவது கையெழுத்து அன்று அவளுடையது.

"என்ன மேடம், அழறீங்களா?"

"எங்க அக்காம்மா. ஏழு புள்ளி எட்டு. அம்மாவுக்கு வந்த மாதிரியே. நான் வீட்டுக்குப் போறேன், நீ மீதியப் பாத்துக்க." போனை எடுத்து அக்காவின் எண்ணைத் தட்டப் போனேன்.

"மேடம், நின்ன ரிப்போர்ட்ட யாருக்கும் படிச்சுச் சொல்லக் கூடாது. சொந்தக்காரங்கன்னா கை வைக்கவே கூடாது. நீங்கதான் ஒட்டியிருக்கீங்க."

"என் ரூலை எனக்கே படிச்சுக் காட்டாத. நகரு."

அவள் நகரவில்லை. அதைவிட மோசமாக, நான் எழுந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவளைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே, எதுவுமே நடக்காதது மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"உங்க அக்காவுக்குச் சுகர் இருக்கா மேடம்?"

"இல்ல."

"இதுல இருநூத்திப் பத்து காட்டுது."

அவள் எட்டாம் எண்ணைத் திறந்து ஒன்பதின் பக்கத்தில் வைத்தாள்.

"இங்க ஒருத்தருக்கு ஒம்பதுலேருந்து ஒண்ணுக்கு இறங்கியிருக்கு. அடுத்த ஆளுக்கு ஒண்ணுலேருந்து எட்டுக்கு ஏறியிருக்கு. பக்கத்துப் பக்கத்து நம்பர். அவருக்குப் போன மாசமும் சுகர் இருநூறுக்கு மேலதான். மேடம், இந்த எட்டாம் நம்பருக்கு டியூப் எங்கேருந்து வந்துச்சு?"

"நான்தான் சேத்தேன்" என்றேன்.

"அக்காவுக்குப் போன் போடுங்க. டோக்கன் நம்பர் மட்டும் கேளுங்க. வேற ஒண்ணும் சொல்லாதீங்க."

போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"அக்கா, காலைல ரத்தம் குடுத்தியே, டோக்கன் என்ன நம்பர்?"

"நீ எப்டிடி கண்டுபுடிச்ச? பூசைக்கும் போனேன், பொய் சொல்லல. வர்ற வழியிலதான்…"

"நம்பரச் சொல்லுக்கா!"

"ஏன் கத்துற? பத்து. என் பர்ஸ்லயே இருக்கு சீட்டு. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். பட்டியலில் அவள் ஒன்பதாவது. கையில் இருந்த டோக்கன் பத்து.

அடுத்து மயிலாப்பூர். ரத்தம் எடுக்கும் பெண்ணிடம், ஏழாம் டோக்கனுக்கு அப்புறம் யாருக்கு என்ன எண் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"ஏழுக்கு அப்புறம் ஒம்போதுக்கா."

"எட்டு?"

"எட்டு நம்ம டோக்கன் கட்டுலயே கெடையாதுக்கா, எடுத்துடுவேன். குடுத்தா யாரும் வாங்க மாட்டாங்க. சனிக்கெழம வேற. போன வருஷம் ஒரு மாமா எட்ட பாத்துட்டு, ரத்தம் குடுக்க வந்த எடத்துல சனி நம்பர் குடுக்குறியான்னு எந்திரிச்சுப் போய்ட்டாரு. அதுலேருந்து நான் போடுறதில்ல. ஏங்க்கா, தப்பா?"

தப்பு என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை நாளும் அவள் எட்டைத் தாண்டியதில் ஒரு கெடுதலும் நடந்ததில்லை. டோக்கன் வெறும் வரிசைக்கு. ஆளையும் டியூபையும் சேர்த்தது பார்கோடு. அன்று மட்டும்தான் டோக்கன் எண்ணே டியூபின் பெயரானது. டியூபில் எட்டு இல்லை. என் படிவத்தில் எட்டு தானாக விழுந்தது. ஏழு வரை எல்லாம் சரி. எட்டாவது பெயருக்குரியவரிடம் இருந்தது ஒன்பதாம் டோக்கன், ஒன்பதாவதான அக்காவிடம் பத்தாம் டோக்கன், இப்படியே கடைசி வரை. முப்பத்திரண்டு பேருக்கு வேறொருவர் ரத்தம். இரண்டாவது கதவு அதைப் பிடித்து ஒன்று குறைகிறது, ஒன்று மிஞ்சுகிறது என்று என்னிடம் கத்திச் சொன்னது. நான்தான் அதன் வாயில் துணியை அடைத்தேன். நல்லவேளை, நின்றவை எல்லாம் விடுபடும் வரை அந்தப் பட்டியலில் ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போகாது.

மூன்றாவதாக, ராயப்பேட்டைக்காரருக்குப் போன் போட்டு டோக்கன் எண் கேட்டேன்.

"ஒம்போதும்மா. ஏன், இன்னா மேட்டரு? ரிப்போர்ட்டு இன்னும் வர்லியே. கிரியாட்டின் இன்னா வந்துகீது?"

"லைன் பிரச்சினை சார். கொஞ்ச நேரத்துல உங்க போனுக்கே வந்துடும்."

வரிசை எண்ணை அழித்து, டோக்கன் எண்களை அந்தப் பெண்ணைப் போனில் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி, அவள் படிக்க என் தோழி அடிக்க, பட்டியல் புதிதாக ஏறியது. ஆமாம், அந்த அரை மணி நேரத்தில் அவள் என் தோழியாகிவிட்டாள். நான் அக்காவின் சொந்தக்காரி என்பதால் சுவரோரமாக நின்று வேடிக்கைதான் பார்த்தேன். பெயர் முப்பத்தொன்பது, டியூப் முப்பத்தொன்பது, எதுவும் குறையவில்லை, எதுவும் மிஞ்சவில்லை. ஐந்து சிவப்புக் கோடுகளில் நான்கு போய்விட்டன. மிஞ்சிய ஒன்று யாருக்கோ எகிறியிருந்த சர்க்கரை. கல்யாண வீட்டுக்குப் போய் வந்திருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். போன் போட்டுக் கேட்டாள்.

அக்காவுக்குக் கிரியாட்டினின் புள்ளி ஒன்பது. தைராய்டுதான் தாறுமாறாக இருந்தது. கால் வீக்கத்துக்கும் மூச்சு வாங்கியதற்கும் அதுதான் காரணம் என்று பின்னால் டாக்டர் சொன்னார். தினம் ஒரு மாத்திரையில் சரியாகிவிட்டது. அன்று ரிப்போர்ட் போனபின் அவளைக் கூப்பிட்டு, "கிட்னி நல்லா இருக்கு" என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன். "ஏண்டி அழற, நல்லா இருந்தா சந்தோஷந்தான படணும்" என்றாள். டீச்சர் அல்லவா, அழுகையிலும் கணக்குத் தப்பைக் கண்டுபிடிப்பாள். ஆசை தீர ஒரு மூச்சுத் திட்டினேன். அப்படித் திட்ட ஆள் இருக்கிறதே என்ற நிம்மதியில் திட்டினேன்.

திங்கட்கிழமை மேலாளர், இனி எந்த மையத்திலும் எட்டைத் தாண்டக் கூடாது என்று சுற்றறிக்கை விடப் போனார். நான் தடுத்தேன். வெறும் வயிற்றோடு, பயத்தோடு வந்து உட்கார்பவரிடம் எட்டைத் திணித்து நாம் என்ன சாதிக்கப் போகிறோம்? மனிதர்கள் இப்படித்தான் இருப்பார்கள், படிவம்தான் வளைய வேண்டும். வரிசை எண்ணைத் தூக்கிவிட்டு டோக்கன் எண்ணையே அடிக்கிற மாதிரி மாற்றினோம். ஒன்று குறைந்து ஒன்று மிஞ்சினால், ரத்தம் எடுத்தவரிடம் கேட்காமல் யாரும் சேர்க்கக் கூடாது என்று இன்னொரு தாளையும் சுவரில் ஒட்டினேன். அதில் முதல் குற்றவாளி நான்தான் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் ஒட்டினேன். யாரும் முணுமுணுக்கவில்லை.

இந்தத் திங்கட்கிழமையெல்லாம் அப்புறம் வந்தது. அன்று சனிக்கிழமை மதியம் இன்னொன்று நடந்தது. ரிப்போர்ட்கள் எல்லாம் போய், நானும் தோழியும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது என் போன் அடித்தது. ராயப்பேட்டைக்காரர். தப்பு தெரிந்து சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துப் பயந்துகொண்டேதான் எடுத்தேன்.

"இன்னாம்மா, காலைல டோக்கன் நம்பர் கேட்டது நீதான?"

"ஆமாங்க."

"ஏழு புள்ளி எட்டும்மா! மாஷா அல்லா, ஏழு புள்ளி எட்டு! போன மாசம் ஒம்போதத் தாண்டிப் போய்க்கினு இருந்துச்சு. டயாலிசிஸ் பண்ணிக்கினு, உப்ப வுட்டு, கருவாட்ட வுட்டு, தண்ணிய அளந்து அளந்து குடிச்சு… கொறஞ்சுகீது பாத்தியா?"

காலையில் என்னை உலுக்கி எடுத்த எண் அது. இந்த மனிதர் அதை லாட்டரி விழுந்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். நல்லது சார், ரொம்ப சந்தோஷம் என்றேன்.

"எம் பொஞ்சாதி நம்ப மாட்டேங்குது. வேற யாருதோ மாறி வந்துகீதுன்னுது. ஏற்கெனவே லேட்டு வேற ஆச்சா, அதுக்கு டவுட்டு. நீ அங்கதான வேல செய்ற, ஒரு வார்த்த நீயே சொல்லிடு" என்று போனைக் கை மாற்றினார்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், மெதுவாக, பயந்த மாதிரி. "அம்மா, அது இவரோடதுதானா? நல்லாப் பாத்தீங்களா?"

எண்ணைப் பார்த்து எவருக்கும் உறுதி சொல்லிப் பழகாதவள் நான். பார்க்க வேண்டும், சரிபார்க்க வேண்டும் என்றுதான் எப்போதும் சொல்வேன்.

"அவரோடதுதாங்க" என்றேன். "ரெண்டு பேர் பாத்துட்டோம். அவரோடதேதான்."

"சரிம்மா, சரிம்மா" என்று அந்த அம்மாள் இரண்டு முறை சொன்னார். பிறகு போனை வைக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. நானும் வைக்கவில்லை.